திரேசம்மாவின் புருஷனை நான் திரும்ப வரவழைத்த கதை

பௌதிகத்தில் இரண்டாம் வகுப்பில் தேறியவன் கையில் மட்டும் மைக்கைக் கொடுக்கவே கூடாது. முதல் வகுப்புக்காரனுக்குத் தனக்கு என்னென்ன தெரியாது என்று தெரியும். மூன்றாம் வகுப்புக்காரன் வாயே திறக்க மாட்டான். நடுவில் மாட்டிக்கொண்டவன்தான் ஊருக்கு ஆபத்து. நான் இரண்டாம் வகுப்பு.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. எண்ணெயைக் குப்பியில் ஊற்றிச் சூடாக்கி, எப்போது கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (இதற்குத்தான் விஞ்ஞானி என்று பெயர் என எங்கள் அம்மா ராயபுரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை.) அதனால், எங்கள் கோயிலின் இளைஞர் மன்ற ஆண்டுவிழாவில் ஒரு விஞ்ஞானச் சொற்பொழிவு வைக்கலாம் என்று ஃபாதருக்குத் தோன்றியபோது, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை, ஸ்டெல்லாதான். அடுத்த தெருப் பெண். அவள் அப்பா லூர்துசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, தரைக்கு வந்தாலும் அதிகம் பேச மாட்டார். மனைவி மேரி காய்ச்சலில் போன பிறகு அந்தக் கொஞ்சமும் குறைந்துபோயிருந்தது. எனக்காக ஃபாதர் பெண் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வரி: "பையன் நாலு பேரு முன்னாடி எப்டிப் பேசறான்னு பாத்துட்டு சொல்றேன் சாமி."

ஆகவே என் கல்யாணமே அந்த மைக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைப்பு: 'நடந்தது மறுபடி நடக்குமா?' நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் அந்த விஷயத்தைப் படித்து ஆடிப்போயிருந்தேன். பிரபஞ்சம் ஒரு மூடிய பெட்டி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இருக்கும் அணுக்களுக்கு ஒரு கணக்கு உண்டு என்று வைத்துக்கொண்டால், காலத்துக்கு மட்டும் முடிவில்லை என்று வைத்துக்கொண்டால், குலுக்கிக் குலுக்கி என்றைக்காவது ஒருநாள் பழைய அடுக்கே திரும்ப வந்துதான் தீரவேண்டும். அதாவது இதே பூமி, இதே ராயபுரம், இதே நாம். பேசும்போது இத்தனை 'வைத்துக்கொண்டால்' இருந்தால் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் லூர்துசாமி. இரண்டு வரிசை தள்ளி ஸ்டெல்லா. ஓரமாக, காலியான மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரேசம்மா. எங்கள் தெருக்களுக்கெல்லாம் மீன் விற்பவள்.

விளக்கத்துக்காகச் சட்டைப்பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்தேன். ராஜா, ராணி, ஜாக்கி. "இந்த மூன்றையும் கலைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?" என்றேன்.

"போலீசு வரும்!" என்றது பின்வரிசை.

"நான் ராணி மேல கட்றேன் வாத்தியாரே!" என்றது இன்னொரு குரல்.

கோயில் மண்டபத்தில் மூணு சீட்டு என்றதும் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அசருவேனா நான்? கலைத்தேன். சில தடவைகளிலேயே முதலில் இருந்த வரிசை அப்படியே வந்துவிட்டது. பெருமையோடு சீட்டுகளை உயர்த்திக் காட்டிச் சொன்னேன்: "மூன்று சீட்டுக்கு நடப்பதுதான் முழுப் பிரபஞ்சத்துக்கும். போனது எல்லாம் திரும்ப வரும். செத்தவர்கள் எல்லாரும் மறுபடி வருவார்கள். இது கணக்கு!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். திரேசம்மா எழுந்தாள்.

"இன்னா நைனா சொல்றே? எங்காளும் வந்துருவானா?"

அவள் புருஷன் இறந்து வெகுகாலமாகியிருந்தது. பாவம், எவ்வளவு ஏக்கம் என்று என் நெஞ்சு உருகியது. "நிச்சயமா வருவாரும்மா!" என்றேன், குரல் தழுதழுக்க.

"அய்யய்யோ! அந்தப் பேமானியா?"

மண்டபம் அதிர்ந்தது. நான் அவசரமாகச் சமாதானம் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. இந்த வாழ்க்கை எதுவுமே உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"அப்போ தெரியாத்தனமா மறுபடி அவனையே கட்டிப்பனா?"

"ஆமாம்மா."

"மறுபடி குட்ச்சிட்டு வந்து அடிப்பானா?"

"...ஆமாம்மா."

"எத்தினி தபா?"

உண்மையைச் சொல்வதுதானே விஞ்ஞானம்? "அதுக்கு எண்ணிக்கையே கிடையாதும்மா," என்றேன்.

திரேசம்மா மேடைக்கு அருகிலேயே வந்து ஃபாதர் பக்கம் திரும்பினாள். "ஒரு தபா பட்டதுக்கே முதுகுல தழும்பு கீது. சாமி, செத்தா மோட்சம்னு நீ சொன்னே. இந்தப் புள்ள இன்னா, திரும்பவும் அந்தாளு கையிலயே புட்ச்சிக் குடுக்கறான்?"

சிரிப்பு அடங்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவன் தன் மாமியாரைப் பற்றிச் சந்தேகம் கேட்டான். எப்படியாவது கீழே இறங்கினால் போதும் என்றிருந்த நேரத்தில் லூர்துசாமி எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்துக் கூட்டம் தானாக அடங்கியது.

"தம்பி," என்றார். "மேரியும் வருவாளா?"

அந்த மனிதர் ஊர் முன்னால் அதைக் கேட்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தைய கேள்விக்கு 'வருவார்' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதுதான். அதனால் அவசரமாகச் சொன்னேன்: "சே சே, வர மாட்டாங்க மாமா! இதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு!"

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் பரிசோதனைக்கூடத்து எண்ணெய் தீயில்லாமலே கொதித்திருக்கும். ஃபாதர் சட்டென்று நன்றியுரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லூர்துசாமி வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அந்தம்மாவுக்கு வருவான்னே. எனக்கு வரமாட்டான்னே. எது நெசம்?"

"தெரியாது மாமா."

(என் வாழ்க்கையில் நான் வெளியிட்ட முதல் விஞ்ஞான உண்மை அதுதான்.)

"பிரபஞ்சம் அந்தப் புத்தகத்துல சொன்ன மாதிரி இருந்தா வரலாம். அப்படி இருக்கான்னு யாருக்கும் தெரியாது. வந்தாலும், அதுக்குள்ள சூரியனே அணைஞ்சுபோயிருக்கும்."

அவர் பெடலை மெதுவாகச் சுற்றினார். "வந்தா, எல்லாம் அதே மாறியேதானா?"

"அச்சு அசலா அதேதான் மாமா."

"அப்போ அந்த ஜொரமும் வரும்."

"...வரும்."

"ஆஸ்பத்திரில தண்ணி தண்ணின்னு கேட்டுகினு கெடந்தாளே, அதுவும்?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

"வாணாம்பா," என்றார். "அவ ஒரு தபா பட்டது போதும்."

கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "தெரியாதத தெரியாதுன்னு சொல்ல ஒனக்கு ஒரு ராத்திரி ஆயிருக்கு. பரவால்ல, எனக்கு அதுக்கு நாப்பது வயசு ஆச்சு. உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

அவர் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். காப்பி கொண்டுவந்த ஸ்டெல்லா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சக்கரை போடல. எல்லாம் திரும்ப வரும்போது போடறேன்," என்றாள். அந்தக் கசப்புக் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கல்யாணம் நடந்தது. திரேசம்மா மட்டும் என்னை விடவில்லை. கடைசிவரை, மீன்கூடையோடு எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் குரல் கொடுப்பாள்: "இன்னா வாத்தியாரே, எங்காளு கெளம்பிட்டானா?"

"இன்னும் இல்லம்மா, டைம் கீது," என்று நான் உள்ளிருந்து கத்த வேண்டும். கத்தினால்தான் நல்ல மீனாகப் பார்த்துக் கொடுப்பாள்.

அவள் காலமான பிறகும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. இரண்டு நாள் என்று வந்து இரண்டு வாரம் தங்கும் உறவினர் யாராவது போன் செய்தால், ஸ்டெல்லா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்தாளு கெளம்பிட்டான்!" என்று கிசுகிசுப்பாள். வீடே புரிந்துகொள்ளும். எங்கள் மருமகள் கோயம்புத்தூர்ப் பெண். வந்த புதிதில் நாங்கள் ஆளாளுக்கு இப்படிச் சொல்லிச் சிரிப்பதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, ஒருநாள் கையில் சுத்தமான போர்வையும் தலையணையுமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, அந்தாளு கெளம்பிட்டாரு கெளம்பிட்டாருங்கறீங்க, இன்னும் வந்தபாடில்லியே. பாவம், வழி தெரியாம நிக்கறாரோ என்னவோ. யாராச்சும் போய்க் கூட்டிட்டு வரலாமில்லீங்களா?"