கவுத்து மாஸ்டரின் நாலாவது வெப்சைட்டு

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் முகம் கிடையாது, அடிப்பாகம் மட்டும்தான் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கவுத்து மாஸ்டர்தான். விருத்தாசலத்து டீக்கடைக்காரர்கள் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. மாஸ்டர் வருகிறார் என்றால் மட்டும் பீங்கான் கப்புகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு பேப்பர் கப்பை எடுப்பார்கள். சூடான டீயைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை வளைத்து, கப்பின் அடியைப் பார்த்துவிட்டு, "செகண்ட்ஸு" என்று தீர்ப்பு சொல்லித்தான் குடிப்பார். செகண்ட்ஸ் என்றால் இரண்டாம் தரம். குடிக்கிற டீ முக்கால்வாசி சட்டையில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அவர் பெண் பார்க்கப் போன கதையை எங்கள் கம்பெனியில் சொல்லாதவர்கள் கிடையாது. பெண்ணாடத்தில் பெண் வீடு. காபி வந்தது. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை. காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கப்பைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, "அடியில கால் வளையம் கோணலா இருக்குது. செகண்ட்ஸு" என்றாராம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "உங்க ஊர்லேர்ந்துதான் வாங்கியாந்தோம். போய் உங்க ஆளுங்களைக் கேளுங்க." மாஸ்டர் எழுந்து நின்று, "எனக்குப் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டார். கடைசி வரை அவர் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை என்று, பிறகு அவருக்கே மனைவியாக வந்த அந்த அக்காவே என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்.

நான் அப்போது அந்தப் பீங்கான் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்தேன். பொம்மைகளையும் கப்புகளையும் வைக்கோல் வைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, கம்பெனி லேபிளை ஒட்டி லாரி ஏற்றுகிற வேலை. மாஸ்டர் அச்சு போடுகிறவர். பிளாஸ்டரில் அவர் அச்சு செய்து கொடுத்தால்தான் அதில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுக்க முடியும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. சூளையில் இருப்பவர் 'சூளை', வாட்ச்மேன் 'கேட்டு', நான் 'டெஸ்பாட்ச்சு'. மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் என் பெயர் இவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பதும் உண்மைதான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"ஏம்மா டெஸ்பாட்ச்சு, வெப்சைட்டுன்னா என்னாம்மா? அது எத்தினி நாளுல காயும்?"

விஷயம் இதுதான். சென்னையில் நடக்கிற ஒரு பெரிய கைவினைக் கண்காட்சியில் ஸ்டால் கேட்டு இரண்டு வருஷமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். படிவத்தில் ஓர் இடத்தில், 'உங்கள் படைப்புகளைக் காட்டும் இணையதள முகவரி' என்று போட்டு, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. முதல் வருஷம் காலியாக விட்டார். போன வருஷம் தன் வீட்டு விலாசத்தை அடித்து, 'மாடி, இடது பக்கம்' என்றும் போட்டுப் பார்த்தார். நட்சத்திரம் மசியவில்லை.

"எதுக்கு மாஸ்டர் இந்த வம்பு? இங்க என்ன குறைச்சல்?" என்றேன்.

"பதினெட்டு வருஷமா அச்சு போடுறேன்மா. நான் போட்ட யானை எந்தெந்த ஊரு ஷோகேஸுலயோ நிக்குது. எவன் பண்ணான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பெட்டி மேல லேபிள் ஒட்டுறவ நீதான, நீயே சொல்லு. ஒரே ஒரு வாட்டி என் பேரு எழுதுன போர்டுக்குக் கீழ நான் நிக்கணும். அவ்ளோதான்."

லேபிள் ஒட்டிய பாவம் என் கையில் இருந்தது. சரி என்று ஒத்துக்கொண்டேன். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

மாஸ்டருக்கு எதையும் ஒரே மூச்சில் செய்யத் தெரியாது. பீங்கானுக்கு என்ன வரிசையோ அதே வரிசைதான் வெப்சைட்டுக்கும். முதலில் பச்சை உருவம், அது காய வேண்டும், பிறகு முதல் சூடு, அதற்கப்புறம்தான் கிளேஸ், அதாவது மேல்பூச்சு. அதனால் முதல் வெப்சைட்டில் வண்ணமே கூடாது என்றார். வெள்ளைப் பக்கம், நாலு படம். முடித்துக் காட்டியதும், "மூணு நாளு யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, கம்ப்யூட்டர் மேல் பாலிதீன் உறையைப் போட்டு மூடிவிட்டார். ஈரப் பொம்மைகளை அப்படித்தான் மூடி வைப்பார்கள், சட்டென்று காய்ந்து வெடிக்காமல் இருக்க.

"மாஸ்டர், வெப்சைட்டு காயாது!"

"தெரியும்மா. நான் என்ன லூசா? கவர் வெப்சைட்டுக்கு இல்ல, உனக்கு. நீ சும்மா சும்மா நோண்டிக்கிட்டே இருப்ப."

நாலாவது நாள் உறையை எடுத்து, அவர் போனில் திறந்து பார்த்தார். பெரிய திரையில் முழுசாக இருந்த யானை, சின்ன திரையில் இரண்டாகப் பிளந்து, தும்பிக்கை அடுத்த வரிக்குப் போயிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"விரிசலு. ஒடைச்சிட்டேன்."

"என்னது?"

"அழிக்கவான்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும் ஆமான்னுட்டேன்."

எங்கள் தொழிலில் விரிசல் விட்ட பொருளை வைத்திருக்க மாட்டார்கள். அங்கேயே சுத்தியால் ஒரு போடு. வைத்திருந்தால் என்றைக்காவது நல்ல சரக்கோடு கலந்துவிடும் என்று பயம். அந்த வழக்கத்தை இந்த மனுஷன் என் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து இறக்குவார் என்று நான் கண்டேனா?

இரண்டாவதை என் இஷ்டத்துக்குச் செய்தேன். ஊதா நிறப் பின்னணி, மேலிருந்து பூ உதிரும், 'வருக வருக' என்று எழுத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை. மாஸ்டர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கிளேஸு தடிமனா போச்சும்மா. ஒழுவுது."

அதுவும் போயிற்று. அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் அவராகவே ஒரு பாக்கெட் முறுக்கு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கோபத்தில் பாக்கெட்டின் அடியைக் கவிழ்த்துப் பார்த்து, "செகண்ட்ஸு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சூளைப் பக்கத்திலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

மூன்றாவதுக்குப் புதுப் படங்கள் வேண்டும் என்றேன். அவர் வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்து வைத்திருந்த கப், ஜாடி, யானை, பிள்ளையார் எல்லாவற்றையும் அக்கா தன் போனில் படம் எடுத்து அனுப்பினார். திறந்தால் நாற்பத்தொரு படமும் அடிப்பாகம். ஜாடியின் அடி, யானையின் வயிறு, பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் பீடத்தின் அடி.

"மாஸ்டர், பிள்ளையாரை அடியிலேர்ந்து பார்த்து எவனாவது ஸ்டால் குடுப்பானா?"

"மேலாக்க பாத்தா எல்லாப் பொம்மையும் அழகுதாம்மா. பூச்சு அடிச்சா எவன் வேணா அழகு பண்ணலாம். குறைய எங்க ஒளிப்பான்? அடியிலதான். அங்க சுத்தமா இருந்தா செஞ்சவன் ஒழுங்கானவன். செஞ்சவன் யாருன்னு அடியப் பாத்தாதான் தெரியும்."

ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் ஒப்பந்தம்: முன்பக்கத்தில் நான் எடுக்கிற முகப் படங்கள், கடைசிப் பக்கத்தில் அவருடைய அடிப்படங்கள். அவர் வீட்டுக்குப் போய் நானே படம் எடுத்து ஏற்றினேன். என் போனில் இடமில்லாததால், அக்கா அனுப்பியதையும் சேர்த்து, ஏற்றிய கையோடு அழித்தும் விட்டேன். வெப்சைட்டு ஜம்மென்று வந்தது. கடைசித் தேதியன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் படிவம் அனுப்ப வேண்டும். மத்தியானமே எல்லாம் தயார்.

நாலு மணிக்கு மாஸ்டர் கடைசியாக ஒரு தடவை பார்க்க உட்கார்ந்தார். ஒரு கப்பின் அடிப்படத்தைப் பெரிசாக்கினார். பெரிசாக்கினார். இன்னும் பெரிசாக்கினார்.

"ஊசித் துளை."

"எங்க?"

"இதோ பாரு. பூச்சுல ஊசி குத்துன மாதிரி."

"மாஸ்டர், மௌஸைக் கீழ வைங்க. அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துடலாம்" என்று நான் மேஜையைச் சுற்றி ஓடி வருவதற்குள் அது இரண்டு வாட்டி கேட்டு, அவர் இரண்டு வாட்டியும் ஆமாம் சொல்லிவிட்டார்.

அழுதுவிட்டேன். மூன்று வாரமாகப் பொறுத்ததெல்லாம் சேர்த்து, டெஸ்பாட்ச் செக்ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். மாஸ்டர் முகம் சாம்பலாகிவிட்டது. அப்போதுதான் செய்தது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையைப் பார்த்துக்கொண்டு, "பழக்கம்மா... கையி தானா போயிருச்சு" என்றார். இந்த வருஷமும் போர்டு இல்லை, பேர் இல்லை.

அந்த நேரம் பார்த்து, படிவம் போய்விட்டதா என்று கேட்க அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் போனை நீட்டினார்.

"அழுவாத. நான் எடுத்த படம் அப்படியே இருக்குது."

"அக்கா, அது எல்லாம் அடிதான்க்கா!"

"இருக்கட்டும். ஒண்ணுமில்லாததுக்கு அடியாவது இருக்குதே."

வேறு வழி? ஊசித் துளைக் கப்பைக் கழித்து மீதி நாற்பது அடிப்பாகத்தையும் வெள்ளைப் பக்கத்தில் வரிசையாக ஏற்றினேன். வண்ணம் இல்லை, பூ இல்லை, வருகவும் இல்லை. மேலே பெயர் போட வேண்டிய இடம் வந்தது. முந்தைய மூன்றிலும் வெறும் 'மாஸ்டர்' என்றுதான் போட்டிருந்தேன். நான் கையை நிறுத்தினேன்.

"மாஸ்டர், உங்க பேரு?"

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காதான் சொன்னார். அழகான பெயர். இங்கே எழுத மாட்டேன், எழுதினால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் யாரென்று தெரியாது. நான் படிவத்தைத் தேடித் திறப்பதற்குள், "தள்ளும்மா, கடைசில ஒரு வரி நான் அடிக்கணும்" என்று மாஸ்டர் ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பார்க்க எனக்கு நேரமில்லை. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது முகவரியை ஒட்டினேன். சிவப்பு நட்சத்திரம் வாயை மூடிக்கொண்டது. படிவம் போய்விட்டது!

பத்து நாள் கழித்து சென்னையிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். மாஸ்டர் பயத்தில் போனை என் கையில் திணித்துவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாரும் முகத்தைத்தான் சார் அனுப்பியிருந்தாங்க. அடியைக் காட்டுற தைரியம் உங்க ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு. முதல் வரிசையில ஸ்டால் போட்டிருக்கோம்."

கம்பெனியே ஆடிப் போயிற்று. சூளைக்காரர் விசில் அடித்தார். 'கேட்டு' வாட்ச்மேன் ஓடிவந்து மாஸ்டரைத் தூக்கினார். மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? போனை வாங்கிக் கவிழ்த்து, அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு.

கண்காட்சியில் கண்ணாடிப் பலகை மேலே பொருள்களை வைத்து, கீழே முகம் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுவிட்டாராம். வந்த ஜனமெல்லாம் குனிந்து குனிந்து அடியைப் பார்த்திருக்கிறது. இரண்டாம் நாளே மேஜை காலி. அக்கா ஒரு போட்டோ அனுப்பினார். மேலே பெரிய எழுத்தில் அவர் பெயர் எழுதிய போர்டு. கீழே மாஸ்டர், கழுத்தை வளைத்து, போர்டின் அடிவிளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். மாஸ்டர் வெப்சைட்டு செய்யத் தானே கற்றுக்கொண்டார். குறை தெரிந்தால் உடைக்கிறார், மறுபடி முதலிலிருந்து செய்கிறார். இப்போது நடப்பது எட்டாவது. போன வாரம் அக்கா பேசினார்.

"புதுசு பாத்தியாம்மா?"

"பார்த்தேன்க்கா. யானை அருமையா இருக்கு."

"யானை கெடக்குது. அடியப் பாத்தியா?"

போனை வைக்காமலே பக்கத்தைக் கடைசி வரை தள்ளினேன். எல்லாப் படங்களுக்கும் கீழே, சின்ன எழுத்தில், 'செய்தது' என்று போட்டு என் பெயர். இனிஷியலோடு. நாலாவதிலிருந்தே இருக்கிறதாம். நான்தான் ஒரு தடவைகூட அடி வரைக்கும் போகவில்லை.

மாஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "மாஸ்டர், இந்த எட்டாவதை நான் தொடவே இல்லையே?"

"அச்சு உன்னுதுதானம்மா, டெஸ்பாட்ச்சு."

பேசி முடித்தபின் கையிலிருந்த காபியைக் குடித்துவிட்டு, கப்பைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். செகண்ட்ஸுதான். அதை அவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.