பிரைவேட்டு வாத்தியாரின் மாதிரிப் பாடம்

எந்த விஷயத்தையும் நேராகச் சொல்லாமலே நாற்பது வயது வரை வாழ்ந்துவிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் செஞ்சியில் இருந்தார். கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து நானே அனுபவித்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு செஞ்சி பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கு எனக்கு உத்தரவு வந்தது. திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். எனக்கு முன் ஸீட்டில் ஒருவர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, மடியில் மண்ணோடு பிடுங்கிய ஒரு மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை. கண்டக்டர் வந்து, "எங்க சார்?" என்றார்.

"மூணு மலை, மூணு மேலயும் கோட்டை. எந்த ஊரு?"

"செஞ்சி சார்."

"சரியான பதில். அங்க ஒண்ணு குடு."

கண்டக்டர் டிக்கெட்டை ஏற்கெனவே கிழித்து வைத்திருந்தார். என் பக்கம் திரும்பி, "இன்னிக்குப் பரவால்ல சார். போன வாரம் மலை பேரு மூணையும் சொன்னப்புறந்தான் டிக்கெட்டு வாங்குனாரு" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊருக்கு அவர் 'பிரைவேட்டு வாத்தியார்'. அவர் வீட்டில் டியூஷன் எதுவும் நடத்தவில்லை. பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆசிரியர்கள் கிடைக்காத காலத்தில், எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அவரைப் பிடித்து உட்கார வைத்து ஐந்தாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். பயிற்சிப் பள்ளிக்குப் போய் இரண்டு வருஷம் தங்கிப் படிக்க அவருக்கு வழியில்லை. வீட்டில் படுத்த படுக்கையாகத் தாயார், இரண்டு சின்னப் பெண்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்று அப்போது இன்னொரு வழி இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதலாம். எழுத்துத் தேர்வு ஒன்று. அதிகாரி முன்னால் மாதிரிப் பாடம் ஒன்று நடத்திக் காட்ட வேண்டியது இன்னொன்று. இரண்டிலும் தேறினால் சர்டிபிகேட்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை அவர் எனக்கு விளக்கிய விதத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்த முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"சார், டிரெயினிங் முடிச்சவங்க வந்துட்டா, முடிக்காதவன் இன்னா ஆவான்?"

நான் விழித்தேன்.

"யோசிங்க. அவசரம் இல்ல."

"வீட்டுக்குப் போகணும்... இல்லையா சார்?"

"சரியான பதில்" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து எனக்கு ஊறுகாய் எடுத்து வைத்தார். நான் வந்தது வேறு காலி இடத்துக்கு. ஆனால் அடுத்து வரும் டிரெயினிங்காரர் அவருடைய நாற்காலிக்குத்தான் வருவார். வருகிற ஏப்ரலுக்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று அவர் கையில் காகிதமே கொடுத்திருந்தார்கள். அந்த ஊறுகாய் எனக்கு உள்ளே இறங்கவில்லை.

அவருடைய கேள்விப் பித்துக்குக் காரணம் ஒரு புத்தகம். பின்னட்டை கிழிந்த, போதனா முறை பற்றிய பழைய புத்தகம். 'ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது. மாணவரிடமிருந்து வரவழைக்க வேண்டும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அதே வரியை நாங்களும் பயிற்சிப் பள்ளியில் படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம், மறந்தோம். அவர் ஒருவர்தான் அதை நம்பினார்.

நம்பியதால் அவதிப்பட்டது அவர் மனைவி. ஒரு நாள் அவர் முன்னாலேயே என்னிடம் முறையிட்டார்.

"இன்னா சார் உங்க சிநேகிதரு! கொழம்புல உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? 'கடல்ல இன்னா இருக்குது?'ன்றாரு. தண்ணின்றேன். 'தண்ணில?'ன்றாரு. உப்புன்றேன். 'அப்ப இந்தக் கொழம்புல?'ன்றாரு. அதுக்குள்ள சோறு ஆறிப் பூடுது சார்!"

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இன்னா சொல்றது? கேள்வி கேக்க ஆரம்பிச்ச ஒடனே உப்பு ஜாடியத் தூக்கி முன்னால வெச்சுடுவேன்."

வாத்தியார் பூரித்துப்போய், "பாத்தீங்களா சார், கேள்வி முடியறதுக்குள்ள பதில்!" என்றார்.

எழுத்துத் தேர்வுக்கு அவர் படித்த விதம் இருக்கிறதே, அது மனிதர் செய்கிற காரியமே அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுவார். அடிவாரத்தில் மனோதத்துவம், முதல் வாசலில் குழந்தையின் கவனம், அடுத்த வாசலில் ஞாபக சக்தி, உச்சிக்குப் போகும் பாலத்தருகே பள்ளி நிர்வாகம் என்று ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஓர் இடத்தில் நின்று உரக்கப் படிப்பார். ஆடு மேய்ப்பவர்களுக்கெல்லாம் மனோதத்துவம் பாதி தெரிந்துவிட்டது. பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மேஜைக்கடியில் காலை மாற்றி மாற்றி வைத்து மலை ஏறினாராம். மேற்பார்வைக்கு வந்தவர் வலிப்போ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாராம். பள்ளி நிர்வாகம் பற்றிய கேள்விக்கு மூச்சு வாங்கியதாக அவரே ஒப்புக்கொண்டார். எல்லாத் தாளிலும் முதல் தடவையே பாஸ்.

மாதிரிப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டார். அதைக் கடலூரில், பயிற்சிப் பள்ளியை ஒட்டியிருந்த ஆரம்பப் பள்ளியில் நடத்த வேண்டும். அந்தப் பிள்ளைகளைச் சாதாரணப் பிள்ளைகள் என்று நினைக்கக் கூடாது. வருஷம் முழுக்க பயிற்சி மாணவர்களின் மாதிரிப் பாடத்தையே கேட்டுக் கேட்டுப் பழுத்தவர்கள். இவர் காட்டிப் பாடம் நடத்த மல்லாட்டைச் செடியைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனார். துணியை விலக்கியதும் முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"சார், இது துணைக்கருவி. நீங்க இப்போ 'இது என்ன'ன்னு கேக்கணும். மல்லாட்டை. பூ மேல பூக்கும், காய் மண்ணுக்குள்ள காய்க்கும். எண்ணெய் ஆட்டலாம், புண்ணாக்கு மாட்டுக்கு. முந்தாநாள் வந்த சாரும் இதான் கொண்டாந்தாரு."

நான்கே நிமிஷத்தில் பாடம் முடிந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் பரிதாபப்பட்டு, "வீட்டுப்பாடம் குடுத்துட்டு முடிச்சிடுங்க சார்" என்றான். பிள்ளைகளுக்குத் தெரியாத எதையும் கற்பிக்கவில்லை என்று எழுதி அதிகாரி அவரைத் தோற்கடித்துவிட்டார்.

அடுத்த தடவை, யாரும் கொண்டுவந்திராத துணைக்கருவியாகக் கோட்டை மதிலில் ஒரு பச்சோந்தியைப் பிடித்துக்கொண்டு போனார். பாடம் பிரமாதமாகத்தான் போயிற்று. பாதியில் பச்சோந்தி அதிகாரியின் கோட்டுமேல் ஏறிவிட்டது. நிறம் மாறுகிறதா என்று பார்க்க வகுப்பே அவரைச் சூழ்ந்துகொண்டது. அதிகாரியின் நிறம்தான் மாறியது.

இவ்வளவு சிரிப்பாகச் சொல்கிறேனே, அவர் வகுப்பு நடத்துவதைக் கேட்டால் சிரிப்பு வராது. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு தட்டி. நான் மூன்றாம் வகுப்புக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்பார். என் பிள்ளைகள் கை தூக்குவார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு பிரமிப்பானது. தப்பாக ஒரு பிள்ளை பதில் சொன்னால், "அப்டியா? ஏன் அப்டித் தோணுச்சு?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். மாடு மேய்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருகிற பிள்ளைகள்கூட அந்த வகுப்புக்கு ஓடி வருவார்கள்.

மூன்றாவது தடவை, எங்கள் பக்கத்தில் அவரைப் போல நிறையப் பேர் இருந்ததால், அதிகாரியே அவரவர் பள்ளிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. பொங்கல் கழிந்து தேதி குறித்தார்கள். இதுதான் கடைசி. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

தாயாருக்கு உடம்பு மோசமாகி அவர் இரண்டு நாள் லீவு போட்டார். அவருடைய பாடக்குறிப்பு நோட்டு மேஜைமேல் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒத்திகை கொடுத்துத்தான் தேறினோம். இந்த அப்பாவி மனிதருக்கு அது தெரியவில்லையே என்று எனக்கு வேதனை. ஐந்தாம் வகுப்பைக் கூட்டி, கேள்வி பதில் மொத்தத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அவரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். நல்லது செய்த நினைப்பில் இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

அந்த நாள் வந்தது. அதிகாரி பி.ஏ., பி.டி. கோட்டு போட்டிருந்தார். பாடம் கன அளவு. மல்லாட்டை மண்டியிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கி வந்திருந்தார் வாத்தியார். சரியாக ஒரு மூட்டை கொள்ளும். இந்த வகுப்பறை நிறைய மல்லாட்டை கொட்டினால் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"இந்தப் பெட்டியப் பாத்தா இன்னா தோணுது?" என்று ஆரம்பித்தார்.

"இப்பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அளவுகள் உள்ளன ஐயா!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் முழங்கியது. அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. அடுத்த கேள்விக்கு அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த மூன்று பதில்களும் வந்து விழுந்தன. கடலூர் கதைதான். அதிகாரி பேனாவுக்கு மூடி போட்டார்.

"ஒத்திகை பார்த்த பாடத்துக்கு நான் மார்க் போட முடியாது" என்றார்.

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன் என்னால் நிற்க முடியவில்லை. அவருடைய சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் இந்தப் பாடம் தெரிஞ்சிருக்குது. இந்த ரூம்ல தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?"

அஞ்சலை என்ற பெண் எழுந்து அதிகாரியைக் காட்டினாள். "அந்த சாரு. ஊருக்குப் புதுசு."

"சரியான பதில். அப்ப அவருகிட்டேர்ந்து வரவழைங்க. சொல்லிடக் கூடாது."

அஞ்சலை பயப்படவில்லை. "சார், இந்த ரூம்ல எத்தினி மூட்டை புடிக்கும்?"

அதிகாரி ஏனோ கோபிக்க மறந்துவிட்டார். "ஒரு... நூறு இருக்குமா?"

"ஏன் சார் அப்டித் தோணுச்சு?"

பி.ஏ., பி.டி. அறையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. தப்பான பதிலுக்குச் சிரிக்கிற பழக்கம் அந்த வகுப்பில் கிடையாது. "பெட்டிய நகத்திப் பாக்கறீங்களா சார்?" என்று ஒருத்தி அன்பாகக் கேட்டாள். அவர் கோட்டைக் கழற்றினார். சுவரோரம் பெட்டியை நகர்த்தி நகர்த்தி நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்று எண்ணினார். "கிட்ட வந்துட்டீங்க சார்!" என்று பிள்ளைகள் உற்சாகப்படுத்தினார்கள். அப்போது கன்னியப்பன் என்ற பையன் அண்ணாந்து பார்த்தான்.

"சார், சொவரு வரிக்கும் சரி. மேல ஓடு ரெண்டு பக்கமும் சாய்வா இருக்குதே. அங்க பெட்டி எப்டி நிக்கும்?"

இந்தக் கேள்வி நான் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. அவருடைய நோட்டிலும் இல்லை. அதிகாரி, "இதுக்கு விடை என்ன?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியல சார். யோசிக்கலாம்."

வகுப்பு முழுக்க அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரியும் பார்த்தார். கடைசியில் அஞ்சலை துள்ளி எழுந்தாள்.

"ஓட்டுக்கடில இருக்கற எடத்த நடுவுல பொளந்து ஒரு பக்கத்தக் கவுத்து, இன்னோரு பக்கத்து மேல வெச்சா சாய்வோட சாய்வு ஒட்டிக்கும் சார். முழுப் பெட்டி மாதிரி ஆயிடும்!"

அதிகாரி அந்த மரப்பெட்டிமேலேயே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாத்தியார் என்னிடம் வந்தார். "சார், என் நோட்டுல இருந்தது புள்ளைங்க வாய்க்கு எப்டி வந்திருக்கும்?"

"நான்தான் சார்."

"சரியான பதில்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

மாசி மாதம் பதிவுத் தபாலில் சர்டிபிகேட் வந்தது. தபால்காரர் உஷாராக, "பாஸ் சார், பாஸ்! கேள்வி எதுவும் கேக்காதீங்க!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். வாத்தியாரின் மனைவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பத்து நாளில் இன்னொரு காகிதம் வந்தது. பயிற்சி இல்லாதவரை எங்கும் மாற்ற முடியாது; பயிற்சி பெற்றவரை மாற்றலாம் அல்லவா? தளவானூர் பக்கம் ஓராசிரியர் பள்ளிக்கு அவரே தலைமையாசிரியர். தாயாரைக் கூண்டு வண்டியில் படுக்க வைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்.

ஐந்தாம் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் உள்ளே போய் வழக்கம்போல, "இன்னைக்கு நாம என்ன படிக்கப் போறோம்னா..." என்று ஆரம்பித்தேன். அஞ்சலை எழுந்தாள்.

"சார், சொல்லாதீங்க. கேளுங்க."

"யாரு சொன்னது இப்படி?"

"பிரைவேட்டு சாரு. போறப்ப எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. 'புது சாரு ரொம்ப நல்லவரு. கொஞ்சம் அவசரப்படுவாரு. திட்டாம, சிரிக்காம, நீங்கதான் பொறுமையா அவருகிட்டேர்ந்து வரவழைக்கணும்'னாரு."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். இரண்டு வருஷம் பயிற்சிப் பள்ளியில் படித்து வந்த நான், பதில் தெரியாமல் ஒரு வகுப்பைக் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் சொல்ல, மணி அடித்த பிறகும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.