சம்பந்தி காத்திருந்த நரி

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். மறதியும் உண்டு. அடுப்பில் எதை வைத்தேன் என்பது அது தீய்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். ஆனால் கோபம் மட்டும் மறப்பதில்லை. ஐந்து வருடமாகியும் அந்தச் சிவப்புச் சேவலை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

மலைமேல் குண்டூர் நாட்டில் மரவள்ளிக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் மிளகுத் தோட்டம், அதற்கும் பின்னால் காடு. காட்டிலிருந்து நரி வரும், என் கோழிகளைத் தின்னும். அந்த வருடம் கறுப்பி போனது, அதன் குஞ்சுகள் போயின, கழுத்தில் முடியில்லாத பெட்டையும் போனது. மிஞ்சியவற்றில் சிவப்புச் சேவல் ஒன்று. மருமகள் நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டும் என்று நான் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தேன். நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. பிள்ளை பிறந்ததும் சாமியிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டும். நடுவில் அதற்கு ஏதாவது ஆனால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத மாட்டேன்.

அதனால் கூண்டைச் சுற்றி முள் போட்டேன். முள்ளைச் சுற்றிக் கயிறு கட்டி, காலி பெயிண்ட் டப்பாக்களைத் தொங்கவிட்டேன். நரி உரசினால் டப்பா கலகலக்கும், நான் ஓடுவேன். கையில் மிளகாய்த்தூளும் சாம்பலும் கரைத்த சட்டி இருக்கும். (கரைத்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நரிக்கு முன்னால் எனக்குத்தான் அது வேலை செய்தது.)

இந்த நேரத்தில் சம்பந்தி மலையேறி வந்தார். மருமகளின் அப்பா, அடிவாரத்துக்காரர், கொத்தனார். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போக வந்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும்.

நான் கூச்சக்காரி. சம்பந்தியானதிலிருந்து அவரிடம் நான் பேசிய வார்த்தை "வாங்க" ஒன்றுதான், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. என் முகத்தை அவர் நேராகப் பார்த்திருக்கவே மாட்டார்.

மறுநாள் கிளம்ப வேண்டியவர் கிளம்பவில்லை. ஏன் என்று மருமகள் வந்து சொன்னாள். "அத்தே, எங்கப்பா நரி மொகத்துல முழிச்சாத்தான் பொறப்படுவாராம். புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு அத்தன கொண்டை ஊசி வளைவு எறங்கோணுமாம். எங்கூருல நரி தட்டுப்படறதே இல்லியாம். இங்கதான் தெனமும் வருதாமே."

ஆமாம், தினமும் வருகிறது. என் கோழியைத் தின்ன வருகிறது. அடிவாரத்தில் அது அதிர்ஷ்டம், என் வீட்டில் அது திருடன். இதை நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்படியில் பாத்திரங்களிடம் சொன்னேன். பாத்திரங்கள் நசுங்கின.

நரிக்கு முன்னால் வேறு யார் முகத்தையும் பார்த்துவிடக் கூடாதே! அதனால் விடியக்காலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வருவார் சம்பந்தி. இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் மேல் மோதிக் கண்ணைத் திறந்துவிட்டார்.

"போச்சுங்க சம்மந்தி, உங்க மொகத்துல முழிச்சிட்டேன். இன்னிக்கும் பயணம் இல்லீங்க."

"ஏனுங்க, எம்மொகத்துக்கு என்னங்க கொறச்சல்?" என்று இவர் கேட்டார். அன்றைக்கு இவர் பேச்சில் எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் குளிர் அதிகம். சம்பந்திக்குப் பழுப்புக் கம்பளி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். நானேதான் கொடுத்தனுப்பினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் விடியலில் சட்டியோடு கூண்டுப் பக்கம் போனேன். டப்பா ஒன்றும் சத்தம் போடவில்லை. பார்த்தால் கயிறு அவிழ்ந்து தரையில் கிடக்கிறது. முள் விலகிக் கிடக்கிறது. கூண்டுக்கு அருகே பழுப்பாக ஒன்று பதுங்கியிருக்கிறது. நரிக்குக் கயிறு அவிழ்க்கத் தெரியுமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. யோசிக்கவில்லை. சட்டியில் இருந்ததை மொத்தமாக ஊற்றினேன்.

"என் கறுப்பியத் தின்ன, குஞ்சத் தின்ன, இப்ப சாமி சேவலுக்கே வந்துட்டியாடா திருட்டு நாயே! உன் வகுறு வெடிக்க!"

"ஐயோ! நான் ஒண்ணுமே திங்கலீங்க சம்மந்தியம்மா!" என்றது நரி.

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அத்தே, அது எங்கப்பாங்க!"

டப்பா சத்தம் போட்டால் நரி ஓடிவிடும் என்று கயிற்றை அவிழ்த்தது அவர்தான். வாசம் பிடித்து வரட்டும் என்று கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்து வெளியே பஞ்சாரக் கூடையில் கவிழ்த்ததும் அவர்தான். கண் மூடியிருந்ததல்லவா, கையால் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதாக எடுத்திருக்கிறார். மஞ்சள் துணி அந்தக் கைக்குத் தெரியவில்லையாம்!

எரிச்சலில் துள்ளியவர் கால் பட்டுப் பஞ்சாரம் உருண்டது. சிவப்புச் சேவல் மிளகுத் தோட்டத்துக்குள் ஓடியது. அங்கே நிஜ நரி நின்றிருந்தது. இத்தனை கூத்தையும் பார்த்துக்கொண்டு நிதானமாக நின்றிருந்தது. ஒரே கவ்வு. மஞ்சள் துணி தொங்க, என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தது. பிறகு நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் சம்பந்தியும் அழுதுகொண்டிருந்தார். அவருடையது மிளகாய்.

மோர் விட்டுக் கண்ணைக் கழுவிய பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "நரி வந்துச்சுங்களா? யாரு பாத்தது?"

"எங்கூட்டுக்காரி மட்டுந்தான்" என்றார் இவர்.

சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படீன்னா, நரியப் பாத்த மொகத்தையாச்சும் பாத்துட்டுப் பொறப்படறேனுங்க. கண்ணு, உன் அத்தையக் கூப்பிடு சாமி."

பஸ் ஏறச் செம்மேட்டுக்குப் போகும் பாதையில், வீடு முழுக்கப் பார்க்க, நான் எதிரே நின்றேன். என் முகத்தை, இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த முகத்தை, சிவந்த கண்ணால் அவர் நிறுத்தி நிதானமாகப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். நரிக்குப் போட வேண்டிய கும்பிடு.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். தன் சகுனத்தால்தான் என்கிறார் சம்பந்தி. மன்னிப்புக் கேட்டு நான் சாமிக்கு விட்ட இரண்டு சேவலால்தான் என்கிறேன் நான், இன்னமும் பாத்திரங்களிடம். ஆனால் அன்றிலிருந்து பைக் வாங்கப் போனாலும், மிளகு விற்கப் போனாலும், பேத்தி பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடப் போனாலும் வாசலில் ஒரே கூப்பாடுதான்: "நரி மொகத்த வந்து நிக்கச் சொல்லுங்க!" நானும் போய் நிற்கிறேன். முறைத்துக்கொண்டு நிற்கிறேன். முறைத்தால் பலன் கூடுதலாம்.

ஞாபகத்திலிருந்து எழுதியது. டப்பா ஏழா எட்டா, சம்பந்தி தங்கியது நான்கு நாளா ஐந்தா என்று என் மருமகளிடம் யாராவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தியிடம் கேட்காதீர்கள். போனது ஏதோ கிழட்டுப் பெட்டை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சேவல். சிவப்புச் சேவல்.