நல்லகாமன் சாரின் நகராத சைக்கிள்

வெளியிலிருந்து விசை ஒன்று தள்ளாதவரை நின்ற பொருள் நின்றபடியேதான் நிற்கும். பதினாறு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு இதைக் கத்திச் சொல்லித் தொண்டை வறண்டவர் நல்லகாமன் சார். எண்பத்தொண்ணாம் வருஷக் கோடை விடுமுறையில், கோச்சடை வீட்டுக்குள் நிற்கிற அவர் சைக்கிளே அவரை ஏமாற்றியது. மத்தியானம் தூங்கப்போகும்போது டியூப் வால்வு மேலே இருக்கும். எழுந்து பார்த்தால் கீழே இருக்கும்! பெற்ற மகனைக்கூடத் தொடவிடாத சைக்கிள் அது.

சந்தேகம் மச்சினன் பேயாண்டி மேல் விழுந்தது.

"அன்னக்கொடி, உன் தம்பி வந்தானா?"

"அவன் பேரையூர்ல கெணறு வெட்டிக்கிட்டு இருக்கான். ஏன்?"

"பெறகு வண்டி எப்புடி நகந்துச்சு?"

"பூமியே சுத்துதுன்னு நீங்கதான சொல்லுவீக?"

இன்னொன்றும் உறுத்தியது. ரசத்தோடு நிறுத்துகிறவள், பத்து நாளாகக் குடல் குழம்பு வைக்கிறாள். எதுக்கு? தூங்கவைக்கத்தான்!

மறுநாள் சக்கரத்திலிருந்து தரைக்கு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, இரண்டே கவளம் என்ற சபதத்தோடு உட்கார்ந்தார். ஓடத் தொடங்கிய கை சும்மா நிற்குமா? சட்டி காலியானபோதுதான் நின்றது. கண் சொருகிவிட்டது.

ஐந்து மணிக்கு எழுந்து ஓடினார். கோடு இம்மி பிசகாமல் இருந்தது. அப்பாடா என்று விரலால் தடவினார். சாக்பீஸ் இல்லை, கோலமாவு!

அடிப்பாவி!

அடுத்த நாள் வயிறு சரியில்லை என்று மோரோடு படுத்தவர், பொய்க் குறட்டை விட்டார். 'டக்'கென்று ஸ்டாண்டு எடுக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று வெறுங்காலோடு கிளம்பினார். ஆத்தங்கரை ரோட்டில் பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்னக்கொடியே ஜம்மென்று மிதித்து வருகிறாள்! சார் நடுரோட்டில் பாய்ந்தார்.

"நில்லுடி!"

"நகருங்க! ஓடுறது சட்டுன்னு நிக்காதுங்க!"

நிற்கவில்லை. சார் கருவேல முள்ளுக்குள் கிடந்தார். அவள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"யாரைக் கேட்டுடி என் வண்டியத் தொட்ட?"

"கேட்டா குடுத்திருப்பீகளா?"

"செத்தாலும் குடுக்கமாட்டேன்!"

"அதான் கேக்கல. மேக்கால ஒரு கிராமத்துப் பால்வாடில டீச்சர் வேல வந்திருக்கு. ஜூன் ஒண்ணாந்தேதி சேரணும். அந்த ஊருக்கு பஸ் கெடையாது."

"அப்ப நான் பள்ளிக்கூடத்துக்கு எதுல போறதாம்?"

அன்னக்கொடி முந்தானையால் கேரியரைத் தூசி தட்டினாள்.

"வழிதான, இறக்கிவிட்டுட்டுப் போறேன். ஏறுங்க."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஏறமாட்டேன் என்று இரண்டு எட்டு நொண்டினார். கணுக்கால் வீங்கியிருந்தது, தார் கொதித்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, முதல் பள்ளத்தில் தூக்கிப் போட்டது.

"கொஞ்சம் மெதுவா மிதிங்க, டீச்சர்," என்றார் சார்.