வண்டியும் வரும், மடியும் வரும்

வல்லத்தில் இருக்கும் மாப்பிள்ளை சேரன் அவர்களுக்கு,

செஞ்சியிலிருந்து மச்சான் தனகோட்டி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரஞ்சிதமும் நலம், சீருக்கு வாங்கின ஆடும் நலம், வண்டி மட்டும் இப்போதைக்குச் சுமார். அங்கே தாங்களும், என் தங்கச்சி அன்புக்கரசியும், நாளைக் காலை காது குத்திக்கொள்ளப் போகும் என் மருமகளும் நலமாயிருக்க அங்காளம்மன் துணையிருப்பாள். பக்கத்து ஊருக்குக் கடிதாசியா என்று சிரிக்க வேண்டாம். போனில் நான் வண்டி என்று ஆரம்பித்ததுமே தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். எழுதினதை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. வல்லம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுத் தாங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "மச்சான், அந்த ஓட்டை வண்டியில வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பாப்பாவ இளையபெருமாள் மடியில உக்கார வெச்சிடுறோம். நல்ல நேரம் உங்க வண்டிக்காகக் காத்துக்கினு இருக்காது." இளையபெருமாள் எங்கள் சித்தப்பா மகன், அன்புக்கரசிக்கு அவனும் அண்ணன் முறைதான், புதுக் கார் வைத்திருக்கிறான், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடப் பிறந்த அண்ணன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் மருமகள் இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வதா? தங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் எச்சில் இலை எடுக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தது உண்மை. "மச்சான் பால் காய்ச்ச வந்தாரு, அதுக்குள்ள அது தயிராயிடுச்சு" என்று தாங்கள் சொன்னீர்கள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் வந்தால் என்ன என்கிறீர்கள். ஊர் மல்லாட்டைக் கடலை மூட்டையெல்லாம் இந்தச் சரக்கு வண்டியில் ஏற்றிப் பிழைக்கிறவன், தங்கச்சி வீட்டுச் சீரை ஊரான் வண்டியில் ஏற்றினால், அப்புறம் என் வண்டியில் எவன் மூட்டை ஏற்றுவான்? அதனால் வண்டியில்தான் வருவேன். இதில் மாற்றமில்லை.

வண்டிக்கு வயசாகிவிட்டது, நான் மறைக்கவில்லை. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போனதிலிருந்து திருவண்ணாமலை ரோட்டுச் சரிவில்தான் நிறுத்துகிறேன், உருட்டிவிட்டு கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். வாடகை வீடு மாறினதே அந்தச் சரிவுக்காகத்தான். ரஞ்சிதம் வீட்டுக்காரரிடம் தண்ணி வருமா என்று கேட்டாள், நான் சரிவு இருக்குதா என்று கேட்டேன். இப்போது உருட்டினாலும் பிடிக்கவில்லை என்று மெக்கானிக் செல்லப்பனைக் கூட்டிவந்தேன். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, லைன்ல ஏர் வாங்குது. எங்கியோ டீசல் கசியுது, அந்த வழியா காத்து உள்ள பூந்துடுது. பம்ப்பு காத்தக் குடிச்சிட்டு இன்னாத்த ஓடும்?" என்றான். டீசல் குழாயை மாற்றி, உள்ளே போன காற்றை எடுத்து, வண்டியும் பிடித்தது, ஆனால் விட்டது பாருங்கள் புகை, எதிர்வீட்டுத் தைலம்மாள் மாடியில் காயவைத்த அரிசி வடகம் அத்தனையும் கறுப்பு. "வடகம் போட்டா எள்ளுருண்டை ஆக்கிட்டியேடா பாவி!" என்று அந்தம்மா துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். "நாசில் டீசலைப் பூவாத் தூவணும்ணா, உங்குது கொடத்துல ஊத்துறாப்பல ஊத்துது" என்று சொல்லிவிட்டு செல்லப்பன் அதையும் கழற்றிச் சரிபண்ணினான்.

இவ்வளவும் ஆன பிறகு நேற்று சாயங்காலம் வெள்ளோட்டம் விட்டேன். சும்மா போகக்கூடாது, நாளைக்குப் போகிற மாதிரியே போகணும் என்று ஆடு, வாழைத்தார், இளநீர்க்குலை, ரஞ்சிதம் எல்லாவற்றையும் ஏற்றினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரைக்கும் ராஜா மாதிரி போச்சு மாப்ள, நானே ஏமாந்துட்டேன். தாண்டினதும் ரேடியேட்டர் கொதிச்சிடுச்சு. தண்ணிக் கேன் வீட்டிலேயே இருக்குது. பக்கத்தில் கிணறு கிடையாது, குழாய் கிடையாது. ரஞ்சிதம் இன்ஜினை ஆற வைத்து, அரிவாளை எடுத்து, சீர் இளநீரை ஒவ்வொன்றாக வெட்டி ஊற்றினாள். வண்டி குடித்தது. குடித்துவிட்டு அணைந்தும் போனது. சமதரை, சரிவு இல்லை. கோட்டை பார்த்துவிட்டுத் திரும்பின வெளியூர்க்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. தள்ளி முடித்து வண்டியோடு நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்கள், கோட்டையைச் சேர்ந்தது என்று நினைத்திருப்பார்கள் போல. அதற்குள் பின்னாலிருந்த ஆடு வாழைத்தாரில் பாதியைத் தின்னுடுச்சு. ரஞ்சிதம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இந்தாய்யா, உன் தங்கச்சி வீட்டுச் சீரை நான் தலையில வெச்சு நடந்திருந்தாக்கூட இந்நேரம் வல்லம் போய்ச் சேந்திருப்பேன்." கடைசியில் ஒரு டிராக்டர் கட்டி இழுத்துவந்து விட்டது. செல்லப்பன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, வண்டிக்கு அம்மை போட்டிருக்குதா, எளநீ குடுத்திருக்க?" என்று கேட்கிறான்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாங்கள் இளையபெருமாளுக்குப் போன் போட வேண்டாம். இருந்த கோளாறெல்லாம் நேற்றே வெளியே வந்துவிட்டது, இனி வருவதற்கு உள்ளே ஒன்றும் பாக்கியில்லை. நாளை விடியற்காலை புது இளநீர், புதுத் தார், ஆடு, வேட்டி சட்டையோடு நான், பட்டுப்புடவையோடு ரஞ்சிதம், முறைப்படி மரியாதையாக வந்து இறங்குவோம். ஒரே ஒரு உதவி. தங்கள் தெரு பலகை மாதிரி சமமாக இருக்குது. அங்கே அணைத்தால் திரும்பப் பிடிக்காது. வாசலில் ஒரு டிராக்டர் மண் கொட்டி மேடு போட்டு வைத்தால், வீட்டிலிருந்து கோயிலுக்கு உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரையும் நானே ஏற்றிக்கொண்டு போவேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். மருமகளுக்கு முத்தம். தாங்கள் கோபம் தணிந்து, பிள்ளைக்குட்டிகளோடு நீடூழி வாழ அம்மனை வேண்டும்,

தாய்மாமன்
தனகோட்டி

பி.கு.: மாப்ள, மேல எழுதினது ஒண்ணையும் மனசுல வெச்சுக்காதீங்க. செல்லப்பன் சும்மா ஒரு தடவை உருட்டினான், வண்டி புடிச்சிடுச்சு! எழுத்து ஆடுதேன்னு பாக்காதீங்க, வண்டி ஆடுது, ஸ்டீயரிங் மேல வெச்சு எழுதுறேன். இத அணைச்சா நாளைக்குப் புடிக்கும்னு எந்த சாமியும் எனக்குச் சத்தியம் பண்ணித் தரல. அதனால அணைக்கிறதா இல்ல. இப்பவே கெளம்பிட்டேன். ரஞ்சிதம் தலைக்கு எண்ணெய் வெச்சுக்கினு இருந்தவ அப்படியே ஏறிட்டா. ஆடு, தாரு, பட்டுப்புடவை, வேட்டி எல்லாம் வீட்லயே நிக்குது, நான் லுங்கியில இருக்கிறேன். மண்மேடு வேணாம். கடிதாசியையும் நானே கொண்டாறேன். ஹாரன் அடிக்காது, தெருமுனையில புகை தெரிஞ்சா நான்னு வெச்சுக்கோங்க. எறங்க மாட்டேன், ராத்திரி சோத்தை ஜன்னல் வழியாக் குடுங்க. நல்ல நேரம் வந்ததும் காது குத்துற தட்டானையும் பாப்பாவையும் வண்டிக்குக் கூட்டியாங்க. இளையபெருமாளும் வரட்டும், பின்னால தள்ள ஆள் வேணும். மடி டிரைவர் சீட்டுல தயாரா இருக்குது.