சோற்றுக் கரடியின் தாயார்

உலகத்தில் சமைக்கிறவர்கள் உண்டு, சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: சோற்றுச் சிற்பிகள். ஜப்பானில் எங்கள் செண்டாய் நகரத்துப் பாலர் பள்ளி வாசலில் காலையில் நின்று பாருங்கள். சாப்பாட்டு டப்பாவைத் துளியும் சாயவிடாமல், கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பெற்ற குழந்தையைப் பின்னால் ஓடிவர விட்டுவிட்டு ஒரு பெண்மணி வருவார். அவர்தான். பெயர் மினெகிஷி சத்சுகி.

சோற்றைப் பிடித்துக் கரடியாக்கி, கேரட்டில் கன்னம் வைத்து, கடற்பாசித் தாளை நகம் வெட்டும் கத்தரியால் நறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புருவத்தை இடுக்கியால் ஒட்டி, முட்டையை மெல்லிசாகச் சுட்டுப் போர்வையாகப் போர்த்தி, கரடி தூங்கிவிட்டது என்று அவருக்கே திருப்தி வரும்வரை அந்த வீட்டில் யாரும் தும்மக் கூடாது. பிறகு படம் எடுப்பார். பிறகு அதே கரடியை ஜன்னல் பக்கமாகத் திருப்பி இன்னொரு படம். கணவர் கசுனாரிக்குக் காலை உணவு என்ன என்று கேட்கிறீர்களா? நட்சத்திரம் வெட்டியது போக மீந்த ஹாம், வட்டம் வெட்டியது போக மீந்த சீஸ். மனிதர் ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு ஆபீசுக்குப் போவார்.

“என்னங்க, கரடி மூஞ்சி கொஞ்சம் சோகமா இருக்கா?”

“அதான் தூங்குதே, எப்படித் தெரியும்?”

“உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க!”

ஆனால் ஒன்று. சோறென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஐந்து வயது நாகி எப்படியாவது நாலு வாய் சாப்பிட வேண்டுமே என்றுதான் சத்சுகி இதில் இறங்கினார். இப்போதெல்லாம் மாலையில் டப்பா துடைத்து வைத்தது போலக் காலியாக வருகிறது. அதைத் திறந்து திறந்து பார்ப்பார். பெற்ற வயிறல்லவா?

பள்ளியில் சுற்றுலா வந்தது. அம்மாக்களும் கூடப் போனார்கள். பூங்காவில் விரிப்பு விரித்து உட்கார்ந்ததும் நாகி மூடியைத் திறந்தாள். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

“ஐயோ பாவம், தூங்குது! எழுப்பாத நாகி!”

நாகி மூடியை மெதுவாக மூடி, பக்கத்திலிருந்த தோழி கோஹருவின் மடியில் வைத்தாள். கோஹரு தன் சோற்றுருண்டையை நாகியிடம் நீட்டிவிட்டு, இரக்கமே இல்லாமல் கரடியைத் தலையிலிருந்து ஆரம்பித்தாள். இது தினசரி ஏற்பாடு என்பது பார்த்தாலே தெரிந்தது.

கோஹருவின் அம்மா நெற்றி விரிப்பில் படுமளவுக்குக் குனிந்துவிட்டார். “மன்னிச்சிடுங்க நாகியம்மா! எங்க வீட்டுது வெறும் உருண்டைங்க. வேலைக்கு ஓடுற அவசரத்துல உள்ள கொஞ்சம் மீன வச்சு ஒரு அமுக்கு அமுக்குவேன், அவ்ளோதான். எனக்கே வெக்கமா இருக்கு.”

சத்சுகி சிரித்துவைத்தார். “ஏன் கண்ணு, அம்மா செஞ்சது பிடிக்கலையா?”

“ரொம்ப அழகா இருக்கும்மா.” நாகியின் வாய் நிறையச் சோறு. “ஆனா எனக்குப் பசிக்குதே.”

வலித்தது. நன்றாகவே வலித்தது.

மறுநாள் சத்சுகி விடியுமுன் எழுந்தார். பிள்ளைக்கு வெறும் உருண்டைதானே வேண்டும்? ஆகட்டும். அவசரத்தில் அமுக்கியது போலிருக்க ஒரு மூலையை நிதானமாகச் சப்பையாக்கினார். வேலைக்கு ஓடுகிறவளின் கட்டைவிரல் எங்கே பதியும் என்று யோசித்து யோசித்துப் பதித்தார். தற்செயலாக ஒட்டிக்கொண்டது போல ஒரே ஒரு பருக்கையை இடுக்கியால் ஓரத்தில் நிறுத்தினார். சரியாக வராத உருண்டைகளெல்லாம் கசுனாரியின் தட்டுக்குப் போயின. முழுசாக ஏதோ கிடைத்ததே என்று அவர் ருசித்துச் சாப்பிட்டார்.

மத்தியானம் பள்ளியில் நாகி மூடியைத் திறந்தாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

“டேய், இங்க வாங்கடா! நிஜ உருண்டை மாதிரியே பண்ணியிருக்காங்க! ஒரு சோறு ஒட்டியிருக்கு பாரு! தொடாத நாகி, கெட்டுப்போயிடும்!”

நாகி மூடியை மூடிவிட்டுக் கோஹருவைப் பார்த்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் காதும் மீசையும் வைத்துப் பூனைத் தோசை வார்த்தீர்களே, படம் பிடித்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பினீர்களே, யார் யார் பாராட்டினார்கள், எந்த மைத்துனி கண்டும் காணாதது போல இருந்துவிட்டாள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்தத் தோசையைப் பிள்ளை சாப்பிட்டதா?