மக்ரூனும் ஒரு சுத்தியலும்

ஏளா பிலோமி, அந்த மக்ரூனக் கடிச்சிராத, பல்லு போயிரும். சுத்தியல் எடுத்துட்டு வாரேன். எதுக்குன்னா கேக்க? மக்ரூன் டப்பாக்குள்ளயே வந்த சுத்தியல்ளா அது. பேத்தியோட மாமியா அனுப்புனது. எல்லாம் எம் வாயி பண்ணுன வேலை.

பேத்தி ஜெனிட்டா வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாத்தால்லா, அந்தப் பொட்டியில என்னமோ லினக்ஸாம். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு, சுவிட்சப் போட்டாலே வீடியோ பேசுத புரோகிராம் தானாத் தொறக்குத மாதிரி பண்ணி வச்சிருந்தா. ஆனா கரண்டு போயிட்டு வந்தா அது செத்துக் கெடக்கும்.

"ஏன்ளா இப்பிடி?"

"நெட்டு வாரதுக்கு முன்னாடியே இது எந்திச்சிருது ஆச்சி. யாரும் இல்லன்னு திரும்பப் படுத்துருது."

"வயரு சொருவித்தான இருக்கு?"

"வயரு மட்டும் போதாது. ரவுட்டர் அதுக்கு ஒரு அட்ரஸ் குடுக்கணும்."

"நம்ம அட்ரஸ் போஸ்ட்மேனுக்கே தெரியுமேளா!"

விழுந்து விழுந்து சிரிச்சா. (சிரிக்கட்டும், நான் விடல.) "படகு கரையத் தொட்டதும் ஏலம் கூவுத கதையா? மீனு மணல்ல எறங்குன பொறவுல்லா கூவணும்?"ன்னேன்.

"அதேதான் ஆச்சி! நெட்டு முழுசா வந்த பொறவு எந்திச்சாப் போதும்னு இப்ப வரிசைய மாத்திட்டேன். அது வரைக்கும் சும்மா காத்துக் கெடக்கும். நீ அவசரப்படாத."

அன்னைக்கிக் கல்யாணத் தேதி பேச ஏற்பாடு. மாப்பிள்ளை கப்பல்ல, அவங்க அம்மா மணப்பாட்டுல, நாங்க இங்கன. சரியா அந்நேரம் கரண்டு போயிட்டு வந்துச்சு. ஜெனி உள்ள சேலை கட்டிட்டு இருக்கா. பொட்டி முன்னால நான். கருப்பா இருந்துச்சு, நாலு வெள்ளை எழுத்து. படிக்கத் தெரிஞ்சால்லா!

"வழக்கம் போல செத்துட்டுளா!"ன்னு கத்திட்டு, மாப்பிள்ளை அம்மா குடுத்து விட்ட மக்ரூன ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். பல்லு ஆடிப் போச்சு.

"ஏளா ஜெனி, ஒம் மாமியா போட்ட மக்ரூன நங்கூரமாக் கட்டுனா எந்தக் கப்பலும் அசையாதுளா! இந்தக் கைச் சாப்பாடா காலம்பூரா? வேண்டாம்னு சொல்லிருவமா?"

"தேதி சொல்லலாம்னு வந்தோம், ஆச்சி."

பாக்கேன், திரை முழுக்க மாப்பிள்ளையும் அவங்க அம்மாவுந்தான். நெட்டு எப்பமோ வந்து, மீனு மணல்ல எறங்கியாச்சு.

அரைக் கொசுவத்தோட ஓடி வந்தா ஜெனி. மொகத்துல ரத்தமில்ல. மூணு வருசமா அந்தப் பையனுக்காகக் காத்திருந்த பிள்ளை. ஒத்த மக்ரூன்ல கெடுத்துட்டேன். மாப்பிள்ளை அம்மா வாயத் தொறக்கல.

மாப்பிள்ளைதான் பேசுனான். "அம்மா, எங்க கப்பல்லயும் இதத்தான் சொன்னானுவோ."

"ஏலே, நீயுமா?"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க பாரு, ஜெனி அப்பந்தான் மூச்சு விட்டா. தை மாசம் தேதி குறிச்சாச்சு.

அதுல இருந்து ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் மக்ரூன், கூட ஒரு சுத்தியல். ஜெனி அந்த மீனு கதையவும் சொல்லிட்டாளா, சம்பந்தி போன் பண்ணுனா மொதக் கேள்வி, "ஆச்சி, மீனு எறங்கிட்டு, தெரியும்லா?"

நெனச்சுப் பாக்கேன்ளா. அந்தப் பொட்டி பேசாம இருந்துச்சு, செத்துட்டுன்னேன். சம்பந்தி பேசாம இருந்தாங்க, கோவம்னு நெனச்சேன். ரெண்டும் சும்மா காத்துட்டுத்தான் இருந்துருக்கு. யாராச்சும் மொதல்ல சிரிக்கட்டும்னு சம்பந்தி அன்னைக்கி சிரிப்ப அடக்கிட்டு இருந்தாங்களாம். அவசரம் எனக்குத்தான...

அய்யய்யோ, மாடியில கருவாடு! ச்சூ, காக்கா! ஏளா, அந்தச் சுத்தியலத் தாளா!